ஆக்கத் தொழிலும் கலைஞர் வாய்மொழியும்

சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், நான் ஆசிரியத் தொழிலை ஏற்ற புதிதில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் கணிதக் கொப்பியின் கடைசித் தாளில் எழுதியிருந்த பாட்டொன்றை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். மாரிகாலத்தில் குளம் நிரம்புவதைப் பற்றிய பாட்டு அது. யாப்புத் தளர்ந்திருந்தது. எதுகைக்காக இழுத்துவரப்பட்ட சொற்கள் இரண்டு மூன்று தெரிந்தன. ஆயினும், குளம் நிரம்பிய இரவில் தவளைகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டு தன் தகப்பனார் உறங்காமல் மகிழ்ந்திருந்ததை அவன் சொல்லியிருந்த இடம் நன்றாக இருந்தது. நான் படித்து முடித்ததும் அவன் ஒரு கேள்வி கேட்டான்: “சேர், பெரிய கவிஞர்கள் எல்லாம் எப்படி எழுதுகிறார்கள்?”

நான் கலைப் பட்டதாரி. இலக்கிய வரலாறு படித்தவன். காலங்களும் நூல்களும் புலவர் பெயர்களும் எனக்கு மனப்பாடம். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை இல்லை என்று ஒப்புக்கொள்ளவும் அந்த வயதில் எனக்குத் துணிவில்லை. ஆதலால், “கவிதை படித்து வருவதன்று, தம்பி, அது கருவிலே வாய்த்த திரு. இருந்தால் வரும், இல்லாவிட்டால் எவ்வளவு முயன்றாலும் வராது” என்றேன். அவன் தலையசைத்து, கொப்பியை மூடிக்கொண்டு போனான். அதன் பின்னர் அவன் ஒரு பாட்டும் என்னிடம் கொண்டுவரவில்லை.

நான் அன்று சொன்னது உண்மைதானா? அந்த ஐயமே இன்றைய பேச்சுக்குக் காரணம். ஒரு கலைஞன் எவ்வாறு ஆக்குகிறான் என்பதை அவனையே கேட்டு அறியலாமா? கேட்டால், அவன் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம்? இவ்விரு வினாக்களையும் மேனாட்டுக் கலைஞர் சிலரின் வாய்மொழிகளைக் கொண்டு ஆராய்வோம்.

கலைஞர் தம் ஆக்கத்தைப் பற்றித் தாமே கூறியவற்றுள் மிகவும் பிரசித்தி பெற்றது ஆங்கிலக் கவிஞர் கோல்றிட்ஜ் கூறிய கதையாகும். ‘குப்ளா கான்’ என்னும் கவிதையை அவர் 1816ஆம் ஆண்டு வெளியிட்டபோது அதற்கு ஒரு முன்னுரையும் எழுதினார். 1797ஆம் ஆண்டில், உடல்நலம் குன்றித் தனியான பண்ணை வீடொன்றில் தங்கியிருந்த வேளை, மருந்தின் வேகத்தால் நாற்காலியில் இருந்தபடியே உறங்கிவிட்டதாகவும், அந்த உறக்கத்திலே இருநூறு முந்நூறு அடிகள் தம் முயற்சி சிறிதுமின்றித் தாமாகவே அமைந்ததாகவும் அதில் கூறுகிறார். விழித்தவுடன் எழுதத் தொடங்கினாராம். அந்நேரம் போர்லொக் என்ற அயலூரிலிருந்து யாரோ ஒருவர் ஏதோ அலுவலாக வந்து, ஒரு மணி நேரத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருந்துவிட்டாராம். அவர் போன பின்னர் மீண்டும் எழுத உட்கார்ந்தால், மற்றைய அடிகள் எல்லாம் மறந்து போயின என்பது கவிஞரின் கூற்று. அச்சில் வந்தவை ஐம்பத்து நான்கு அடிகளே.

அழகான கதை. ‘கவிதை தானாக வருவது’ என்று சொல்வோருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்குமா? ஆனால் 1934ஆம் ஆண்டில், கோல்றிட்ஜ் தம் கையால் எழுதிய இக்கவிதையின் பிரதி ஒன்று வெளிச்சத்துக்கு வந்தது. இன்று அது இலண்டனில், பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அச்சில் வந்த பாடத்துக்கும் இக்கையெழுத்துப் பாடத்துக்கும் இடையே பல இடங்களில் வேறுபாடு காணப்படுகின்றது. அதாவது, உறக்கத்தில் கிடைத்ததாகச் சொன்ன அடிகளைக் கவிஞர் பின்னர் திருத்தியிருக்கிறார். பிரதியின் இறுதியில் அவர் எழுதிய சிறு குறிப்பும் உண்டு. அங்கே ஆழ்ந்த உறக்கம் என்ற பேச்சில்லை. ஒருவகை மயக்க நினைவு என்றே சொல்லப்படுகின்றது. போர்லொக்கிலிருந்து வந்த மனிதரை அங்கே காணவே காணோம்.

கோல்றிட்ஜ் பொய்யுரைத்தார் என்று நான் கூற வரவில்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஒருவர் தம் அனுபவத்தை நினைத்துப் பார்க்கும்போது, நினைவு தானும் ஒரு கவிஞனாகிவிடுகின்றது. சொல்லச் சொல்லக் கதை மெருகேறுகின்றது. ஆதலின், கலைஞன் தனியே இருந்து சொல்லும் கதையை அவன் கைப்பட எழுதிய தாளோடு வைத்து ஒப்பிட்டே ஏற்றல் வேண்டும்.

சில வேளைகளில் கலைஞன் சொல்லாததைக்கூட உலகம் அவன் வாயில் வைத்துவிடுகின்றது. இசை மேதை மொஸார்ட் 1791ஆம் ஆண்டு காலமானார். 1815ஆம் ஆண்டில், ரொக்லிட்ஸ் என்ற ஜேர்மானியர் ஒருவர், மொஸார்ட் எழுதியது என்று சொல்லி ஒரு கடிதத்தை இசைப் பத்திரிகையில் வெளியிட்டார். இசை முழுவதும் ஒரே நோக்கில் தம் மனக்கண் முன் நிறைந்து நிற்கும் என்றும், பின்னர் அதைத் தாளில் இறக்குவது மட்டுமே வேலை என்றும் மொஸார்ட் கூறுவதாக அக்கடிதம் அமைந்திருந்தது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர் பலர் இதை மேற்கோள் காட்டினர். பிரெஞ்சுக் கணித மேதை ஹதமார், புதியன காணும் மனத்தின் போக்கைப் பற்றி 1945ஆம் ஆண்டு எழுதிய நூலிலும் இது இடம்பெற்றது. ஆனால் அக்கடிதம் மொஸார்ட் எழுதியதன்று. போலி என்பது ஆய்வாளரின் முடிவு.

உண்மையில் மொஸார்ட் எழுதியது வேறு. 1785ஆம் ஆண்டில், நால்வர் வாசிக்கும் தந்தியிசைக் கோவைகள் ஆறினை அவர் தம் மூத்த நண்பர் ஹைடனுக்குக் காணிக்கையாக்கினார். அந்தக் காணிக்கை உரையில், அவ்வாறு கோவைகளும் நெடுநாள் கடுமையாக உழைத்ததன் பயன் என்று தாமே கூறுகிறார். முற்றுப்பெறாத வரைவுகளும் குறிப்புத் தாள்களும் அவர் விட்டுச் சென்றவற்றுள் இன்றும் இருக்கின்றன. உழைப்பைப் பற்றி மொஸார்ட்டே சொன்ன சொல் ஒரு மூலையில் கிடக்க, உழைப்பின்மையைப் பற்றி அவர் சொல்லாத சொல் உலகெங்கும் பரவியது. ஏன்? அற்புதத்தைக் கேட்பதில் நமக்கு விருப்பம் அதிகம். ஒருவர் அற்புதப் பிறவி என்று சொல்லிவிட்டால், அவரைப் போல உழைக்க வேண்டிய கடமையிலிருந்து நாமும் தப்பிவிடுகிறோம். அன்று நான் என் மாணவனுக்குச் சொன்ன விடையிலும் இந்தச் சோம்பல் கலந்திருந்தது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

இனி, இதற்கு நேர்மாறான சாட்சி ஒன்றையும் கேட்போம். அமெரிக்க எழுத்தாளர் எட்கர் அலன் போ, ‘அண்டங்காகம்’ என்னும் பொருள்படும் தலைப்புடைய கவிதையை 1845ஆம் ஆண்டு வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றார். அதனைத் தாம் ஆக்கிய முறையை அடுத்த ஆண்டே ஒரு கட்டுரையாக எழுதினார். கணக்குச் செய்வது போலப் படிப்படியாகச் செய்தாராம். கவிதை ஏறக்குறைய நூறு அடி இருக்க வேண்டும் என்று முதலில் தீர்மானித்தார். பின்னர் சோகமே சுவை என்று முடிவு செய்தார். பின்னர், திரும்பத் திரும்ப வரத்தக்க ஒரு சொல்லை அதன் ஒலிக்காகவே தேடினார். அந்தச் சொல்லைப் பகுத்தறிவில்லாத ஒரு பிராணி சொன்னாற் பொருந்தும் எனக் கருதினார். முதலில் கிளியை நினைத்து, பிறகு அண்டங்காகத்தைத் தேர்ந்தார். இவ்வாறு செல்கிறது அவர் விளக்கம்.

கோல்றிட்ஜ் ‘நான் ஒன்றும் செய்யவில்லை’ என்றார். போ ‘எல்லாம் நானே கணக்கிட்டுச் செய்தேன்’ என்றார். போவின் கட்டுரையைப் படித்தவர் பலர் அதையும் முழுதாக நம்பவில்லை. கட்டி முடித்த வீட்டைச் சுற்றிக் காட்டும் கொத்தனார், ஒவ்வொரு கல்லும் திட்டப்படியே வைக்கப்பட்டது என்று சொல்வது போன்றது அது. இடையில் இடித்துக் கட்டிய சுவரைப் பற்றி அவர் பேசமாட்டார்.

அப்படியானால் உண்மையை எங்கே காண்பது? கலைஞன் தனியே நின்று தன் கதையைச் சொல்லும்போது வராத உண்மை, தக்க ஒருவர் பக்கத்திலிருந்து பொறுமையாகக் கேட்கும்போது வருவதுண்டு. உரையாடலின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. கேட்பவர் ‘பிறகு?’ என்கிறார், ‘ஏன்?’ என்கிறார், ‘இவ்விடத்தில் ஏன் இப்படி?’ என்று விரல் வைத்துக் காட்டுகிறார். அப்போது கலைஞன் அற்புதத்தை விட்டுத் தொழிலைப் பேசத் தொடங்குகிறான்.

இத்தகைய உரையாடல்களுள் தலைசிறந்தது ஜேர்மானிய மகாகவி கதேயுடன் எக்கர்மன் நிகழ்த்தியது. எக்கர்மன் ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. தகப்பனார் சுமை சுமந்து ஊரூராகச் சென்று வியாபாரம் செய்தவர். எக்கர்மன் சிறுவயதில் மாடு மேய்த்தவர். காலந்தாழ்த்தியே கல்வி கற்றவர். 1823ஆம் ஆண்டு ஜூன் மாதம், முப்பது வயதில், தாம் எழுதிய இலக்கியக் கட்டுரைகளோடு வைமார் நகருக்கு வந்து கதேயைக் கண்டார். அப்போது கதேக்கு எழுபத்து மூன்று வயது. அன்று தொடங்கிய உறவு, 1832ஆம் ஆண்டு மார்ச் மாதம் கதே மறையும் வரை நீடித்தது. அவ்வொன்பது ஆண்டுகளில் கேட்டவற்றை எக்கர்மன் 1836ஆம் ஆண்டில் இரு பாகங்களாகவும், 1848ஆம் ஆண்டில் மூன்றாம் பாகமாகவும் வெளியிட்டார்.

இந்நூலில் கதே இளைஞருக்குக் கூறும் அறிவுரை கவனிக்கத்தக்கது. எடுத்த எடுப்பில் பெரிய காவியம் ஒன்றில் இறங்காதே என்கிறார். அன்றன்று வாழ்க்கை கொடுக்கும் சிறு பொருளை எடுத்துக்கொண்டு அன்றன்றே பாடு என்கிறார். தம்முடைய கவிதைகள் எல்லாம் ஏதோவொரு நிகழ்ச்சி தந்தவையே, வெறும் ஆகாயத்திலிருந்து பிடித்தவை அல்ல என்கிறார். எழுதிய பாட்டின் அடியிலே தேதியைக் குறித்து வை. அதுவே உன் வளர்ச்சியின் நாட்குறிப்பாகும் என்றும் கூறுகிறார். உலகம் போற்றும் ஒரு மகாகவி, ஒரு நல்ல ஆசிரியர் மாணவனுக்குச் சொல்வதைப் போலவே பேசுவதைக் காண்கிறோம். தேதியிடச் சொன்னவர், கவிதை முயற்சியால் வளர்வது என்பதை அறிந்தவர். வளராத ஒன்றுக்கு நாட்குறிப்பு எதற்கு?

கேட்பவரால் கலைஞனும் பயன் பெறுகிறான் என்பதற்கும் இதுவே சான்று. கதே ‘பௌஸ்ட்’ நாடகத்தை இளமையில், 1770களில் தொடங்கினார். முதற் பாகம் 1808ஆம் ஆண்டு வெளிவந்தது. இரண்டாம் பாகம் நெடுங்காலம் முற்றுப்பெறாமல் கிடந்தது. எழுதியவற்றைப் படிக்கவும், அவற்றைப் பற்றிப் பேசவும், மேலே எழுதுமாறு தூண்டவும் எக்கர்மன் அருகில் இருந்தார். 1831ஆம் ஆண்டில் நாடகம் நிறைவெய்தியது. கதே அப்பிரதியைக் கட்டி முத்திரையிட்டு வைத்தார். ஆயினும் மனம் அமைதியடையவில்லை. அடுத்த ஆண்டு ஜனவரியில் முத்திரையை உடைத்து அதனை மறுபடியும் எடுத்துப் பார்த்தார். அப்போது அவருக்கு எண்பத்திரண்டு வயது. ஒரு நூலுக்காக ஏறக்குறைய அறுபது ஆண்டுகள்! ‘இருந்தால் வரும்’ என்ற என் சொல்லை இந்த அறுபது ஆண்டுகளின் முன் வைத்துப் பார்க்க எனக்கு வெட்கமாயிருக்கிறது.

எக்கர்மன் நூலுக்கும் ஒரு வரையறை உண்டு என்பதை மறைத்தல் தகாது. அவர் காலத்தில் ஒலிப்பதிவுக் கருவி இல்லை. குறிப்புகளையும் நினைவையும் கொண்டு, பல ஆண்டுகளின் பின்னரே பெரும்பகுதியை எழுதினார். மூன்றாம் பாகத்தில் சொரே என்ற வேறொருவரின் குறிப்புகளும் சேர்ந்துள்ளன. எனவே அங்கே ஒலிப்பது கதேயின் குரல் மட்டுமன்று. எக்கர்மனின் செவியும் அதில் கலந்திருக்கிறது.

எழுத்தாளரை விட்டுச் சிற்பக்கூடத்துக்கு வருவோம். பிரெஞ்சுச் சிற்பி ரொடானுடன் போல் கிசெல் என்பவர் நிகழ்த்திய உரையாடல்கள் 1911ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. ரொடான் செய்த திருமுழுக்கு யோவானின் சிலை நடந்துவருவது போலத் தோன்றும். ஆனால் அதன் இரு பாதங்களும் நிலத்தில் முழுமையாகப் பதிந்துள்ளன. நடக்கும் மனிதனைப் புகைப்படம் எடுத்தால், ஒரு பாதமாவது நிலத்தை விட்டு எழும்பியிருக்குமே. அப்படியாயின் சிலை உண்மைக்கு மாறானதன்றோ என்று கிசெல் கேட்கிறார். அதற்கு ரொடான், உண்மை கூறுபவன் கலைஞனே, பொய் கூறுவது புகைப்படமே என்கிறார். ஏனெனில் உலகில் காலம் ஒரு கணமும் நிற்பதில்லை. புகைப்படமோ அதனை நிறுத்திவிடுகின்றது. ரொடானின் சிலையில், பின்கால் ஊன்றிய கணமும் முன்கால் ஊன்றிய கணமும் ஓருடலில் அடுத்தடுத்து அமைந்திருக்கின்றன. பார்ப்பவன் கண் ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்லும்போது சிலை நடக்கின்றது.

எவ்வளவு தெளிவான விளக்கம்! இதில் அற்புதக் கதை எதுவும் இல்லை. ஒரு குறிப்பிட்ட சிலையை முன்வைத்து, ஒரு குறிப்பிட்ட கேள்வி கேட்கப்பட்டது. அதனால் தொழிலின் நுட்பம் வெளிவந்தது. ‘உங்களுக்குக் கலை எப்படி வருகிறது?’ என்று பொதுவாகக் கேட்டிருந்தால், ரொடானும் அழகாக ஏதாவது சொல்லியிருப்பார். நமக்குப் பயன் இருந்திராது.

இந்தக் கேள்வி கேட்கும் கலையையே தன் வழக்கமாக்கிக்கொண்ட சஞ்சிகை ஒன்று 1953ஆம் ஆண்டு பரிஸ் நகரில், ஆங்கில மொழியில் தொடங்கப்பட்டது. ‘பரிஸ் ரிவியூ’ என்பது அதன் பெயர். முதல் இதழிலேயே நாவலாசிரியர் ஈ. எம். போர்ஸ்டரின் பேட்டி இடம்பெற்றது. எழுத்தாளரின் கொள்கைகளைவிட அவர் வேலை செய்யும் முறையையே அப்பேட்டிகள் சிறப்பாக ஆராய்ந்தன. எந்நேரத்தில் எழுதுகிறீர்கள், எவ்வளவு எழுதுகிறீர்கள், எப்போது திருத்துகிறீர்கள் என்பன போன்ற எளிய கேள்விகள் கேட்கப்பட்டன. பேட்டியை எழுதியபின் எழுத்தாளரிடமே கொடுத்து, அவர் திருத்தவும் இடமளித்தனர். பேசியதைத் திருத்த விட்டால் உண்மை கெட்டுவிடாதா என்று சிலர் எண்ணலாம். ஆனால் திருத்தி எழுதுவதே தொழிலாகக் கொண்ட ஒருவருக்கு, திருத்திய பேச்சே நேர்மையான பேச்சாகும்.

1958ஆம் ஆண்டில் இச்சஞ்சிகையில் வெளிவந்த ஹெமிங்வேயின் பேட்டி மிகவும் புகழ்பெற்றது. கண்டவர் ஜோர்ஜ் பிளிம்டன். கியூபாவின் தலைநகர் ஹவானாவுக்கு அண்மையிலுள்ள தம் வீட்டில், ஹெமிங்வே நின்றுகொண்டே எழுதுவார். விடிந்ததும் தொடங்குவார். அடுத்து என்ன நிகழப்போகிறது என்பது தெரிந்திருக்கும் இடத்தில் அன்றைய வேலையை நிறுத்திக்கொள்வார். அப்படி நிறுத்தினால் மறுநாள் தொடங்குவது எளிதாகும். பேட்டியில், 1929ஆம் ஆண்டு வெளிவந்த ‘போருக்கு விடை’ என்ற பொருளுடைய தம் நாவலின் கடைசிப் பக்கத்தை முப்பத்தொன்பது முறை திருப்பி எழுதியதாகக் கூறினார். என்ன இடர்ப்பாடு என்று பிளிம்டன் கேட்டார். சொற்கள் சரியாக அமையவேண்டுமே என்பதுதான் விடையின் சாரம்.

முப்பத்தொன்பது முறை! கேட்பவர் இதையும் கோல்றிட்ஜின் கதை போல மிகையென்று எண்ணக்கூடும். ஆனால் ஹெமிங்வேயின் தாள்கள் அமெரிக்காவில், பொஸ்டன் நகரிலுள்ள கென்னடி நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. 2012ஆம் ஆண்டில் அந்நாவலின் புதிய பதிப்பு வந்தபோது, அவர் எழுதிப் பார்த்த முடிவுகளும் அதில் சேர்க்கப்பட்டன. அவை எத்தனை? நாற்பத்தேழு. கலைஞன் சொன்னதைவிடத் தாள்கள் கூடுதலாகவே சொன்னன. அற்புதத்தைப் பற்றிய வாய்மொழி தாளின் முன் சுருங்கியது. உழைப்பைப் பற்றிய வாய்மொழி தாளின் முன் பெருகியது. நான் தேடிய விடைக்கு இவ்விரு சான்றுகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததே எனக்கு வழிகாட்டியது.

இவற்றிலிருந்து, அருள் என்பதே இல்லை என்று முடிவு கட்டலாமா? கூடாது. கோல்றிட்ஜுக்கு ஏதோ கிடைத்தது உண்மை. முயன்று தேடாத ஒரு சொல், ஒரு காட்சி, ஓர் ஓசை திடீரென மனத்தில் தோன்றுவதை இவர்களிற் பலர் கூறுகின்றனர். பிரெஞ்சுக் கவிஞர் போல் வலேரி இதனை அளவாகச் சொன்னார். முதல் அடியைத் தெய்வங்கள் இலவசமாகத் தருகின்றன. அதற்கு ஒத்து நிற்கத்தக்க இரண்டாம் அடியை ஆக்குவது நம் பொறுப்பு என்பது அவர் கருத்து. தெய்வம் தந்த அடிக்கு மனிதன் செய்த அடி குறைந்து தோன்றக்கூடாது. அங்கேதான் வியர்வை சிந்த வேண்டியிருக்கிறது.

நேயர்களே, வலேரியின் இக்கருத்தைப் படித்தபோது, நம் கோயில்களில் படித்துப் பயன் சொல்லப்படும் கந்தபுராணம் என் நினைவுக்கு வந்தது. கச்சியப்ப சிவாசாரியாருக்கு முதலடியை முருகப்பெருமானே எடுத்துக் கொடுத்தான் என்பது நாம் வழிவழியாகக் கேட்டு வந்த செய்தி. இதைச் சொல்லித்தான் நாமும் பிள்ளைகளுக்குக் கவிதை தெய்வத்தின் கொடை என்று போதிக்கிறோம். ஆனால் அக்கதையின் எஞ்சிய பகுதியை நாம் நின்று கவனிப்பதில்லை. சிவாசாரியார் நாளொன்றுக்கு நூறு பாடல்கள் பாடினார் என்கிறது அந்த மரபு. பாடிய ஏட்டை இரவில் காஞ்சிக் குமரகோட்டத்துச் சந்நிதியில் வைத்துக் கதவைப் பூட்டுவார். காலையில் திறந்து பார்த்தால், பாடல்களில் திருத்தங்கள் காணப்படும். நூல் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்டது.

சிந்தித்துப் பாருங்கள். கதையில் தெய்வம் கொடுத்தது ஓர் அடி. மிகுதியைப் புலவரே பாட வேண்டியிருந்தது, அதுவும் நாள்தோறும். பாடியவை திருத்தப்படவும் வேண்டியிருந்தது. அத்துடன் முடிந்ததா? அரங்கேற்றத்திலே, தெய்வம் தந்த அந்த முதலடியின் புணர்ச்சிக்கே இலக்கண விதி எங்கே என்று அவையினர் தடை எழுப்பினர். ‘தெய்வம் தந்தது’ என்ற விடையோடு அவை அமைதியடையவில்லை. வீரசோழியத்தில் அதற்கு விதியுண்டு என்று ஒரு புலவர் எடுத்துக் காட்டிய பின்னரே அரங்கேற்றம் நடந்தது. அப்புலவர் உருவில் வந்தவனும் முருகனே என்பர். நம் முன்னோர் இக்கதையை அமைத்த முறையிலேயே ஆக்கத் தொழிலின் முழு இயல்பும் அடங்கியிருக்கிறது. முதலில் வரவு, பின்னர் அன்றாட உழைப்பு, பின்னர் திருத்தம், இறுதியில் கற்றோர் கேட்கும் கேள்வி. நாமோ முதற் பகுதியை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி, மற்ற மூன்றையும் விட்டுவிட்டோம்.

இன்று நான் அதிபராக இருக்கும் பாடசாலையில், கட்டுரையோ பாட்டோ எழுதும் பிள்ளைகளுக்கு இரண்டு பழக்கங்களைக் கூறி வருகிறேன். அடித்துத் திருத்திய தாளைக் கிழித்தெறியாமல், தேதியிட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. இதைக் கதேயிடம் கற்றேன். ஆசிரியர், ‘நன்று’, ‘நன்றன்று’ என்று சொல்வதற்கு முன், ஓர் இடத்தை விரலால் தொட்டு, ‘இதை எப்படிச் செய்தாய்?’ என்று கேட்க வேண்டும் என்பது மற்றையது. இதைக் கிசெலிடம் கற்றேன். அவ்வாறு கேட்டால், பதினான்கு வயதுப் பிள்ளைகூடத் தன் தொழிலைப் பேசத் தொடங்கிவிடுகின்றது. ‘முதலில் வேறு சொல் போட்டேன், சேர், அது பொருந்தவில்லை’ என்று ஒரு சிறுமி சொல்லும்போது, ஹவானாவில் நின்று எழுதிய முதியவரின் விடையும் அதுவே என்று எனக்குத் தோன்றும். எல்லாப் பிள்ளைகளும் கவிஞராகிவிடமாட்டார்கள், அது நோக்கமுமன்று. வராதது என்று நாம் சொல்லிவிட்டதனால் ஒரு பிள்ளை எழுதாமல் விடக்கூடாது என்பதே நோக்கம்.

குளத்தைப் பாடிய அந்த மாணவனைச் சென்ற ஆண்டு ஒரு திருமண வீட்டில் கண்டேன். இப்போது நடுவயதைத் தாண்டி நிற்கிறார். தகப்பனாரின் வயலைத் தாமே செய்கிறார். பழைய பாட்டைப் பற்றி நான் பேச்செடுத்தேன். “அப்படியொன்று எழுதினேனா, சேர்?” என்று சிரித்தார். அவர் மறந்துவிட்டார். தவளைகளின் ஓசையைக் கேட்டுக்கொண்டு உறங்காமல் இருந்த அவருடைய தகப்பனாரை நான் இன்னும் மறக்கவில்லை. அன்று நான் செய்திருக்க வேண்டியது மிகச் சிறிய காரியம். அந்த இடத்தில் விரலை வைத்து, “தம்பி, இது உனக்குக் கிடைத்த அடி, மற்ற அடிகளையும் இதற்கு ஒப்பாகச் செய்து, அடுத்த கிழமை கொண்டு வா” என்று சொல்லியிருக்க வேண்டும். அவர் கேட்ட கேள்விக்கு, முப்பது ஆண்டு காலந்தாழ்த்தி, இன்று வானொலி வழியாக விடை கூறியிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை கொப்பியின் கடைசித் தாளை உங்களிடம் நீட்டக்கூடும். அப்போது அதைச் சற்று நின்று படியுங்கள்.